இடி, மின்னல்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரையிலும் ஐப்பசியிலும் வானம் இருட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் என்னிடம் வந்துசேரும் கேள்விகள் இவை. நான் பௌதிகவியல் கற்பிப்பவன். முதலில் மாணவர் கேட்டார்கள். பிறகு அவர்களின் வீடுகளிலிருந்து தம்பலகாமத்து வயற்காரரும் கிண்ணியா மீனவரும் கேட்கத் தொடங்கினார்கள். ஒரே சந்தேகத்துக்கு இருபது தடவை பதில் சொன்ன பிறகு, எழுதி வைத்தால் இன்னும் பலருக்குப் போய்ச்சேரும் என்று தோன்றியது. கேட்டவர்களின் வார்த்தைகளை இயன்றவரை அப்படியே விட்டிருக்கிறேன்.

சேர், ஆளைக் கொல்வது இடியா, மின்னலா?

மின்னல்தான். "இடி விழுந்து இறந்துபோனார்" என்று சொல்வது நம் வழக்கம்; ஆனால் இடி என்பது ஓசை மட்டுமே. மின்னல் பாயும் பாதையில் உள்ள காற்று, கண் இமைப்பதற்குள் ஏறக்குறைய 30,000 பாகை செல்சியஸ் வரை சூடேறுகிறது. சூரியனின் மேற்பரப்பைப்போல் ஐந்து மடங்கு வெப்பம் அது. அந்தக் காற்று வெடித்து விரியும் சத்தத்தையே இடி என்கிறோம்.

இரண்டும் ஒரே கணத்தில் பிறக்கின்றன. ஒளி உடனே கண்ணுக்கு வந்துவிடுகிறது. ஒலி பின்னால் வருகிறது. பக்கத்தில் விழுந்தால் "படார்" என்று ஒரே வெடியாகக் கேட்கும். தூரத்தில் விழுந்தால் உருண்டு உருண்டு முழங்கும். மின்னலின் பாதை பல கிலோமீற்றர் நீளமானது. அதன் கிட்டிய பகுதியின் ஓசை முதலிலும் எட்டிய பகுதியின் ஓசை பிறகும் வந்துசேர்வதால்தான் அந்த உருளல்.

முகிலுக்குள் இருப்பது தண்ணீரும் காற்றும்தானே, மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

பனிக்கட்டியிலிருந்து. வெயில் கொளுத்தும் நம் ஊரிலும் தலைக்கு மேலே 5 கிலோமீற்றர் போனால் வெப்பநிலை பூச்சியத்துக்கு இறங்கிவிடுகிறது. இடிமுகில் அதையும் தாண்டி 15 கிலோமீற்றர் உயரம்வரை வளரும். அதற்குள் சிறிய பனிப் பளிங்குகள் மேல்நோக்கி எழும்போது, கனமான ஆலங்கட்டித் துணுக்குகளோடு மோதுகின்றன. மோதும்போது மின்னேற்றம் கைமாறுகிறது. இலேசான பளிங்குகள் நேர் (+) ஏற்றத்தோடு உச்சிக்குப் போகின்றன. கனமான துணுக்குகள் மறை (−) ஏற்றத்தோடு நடுவிலும் கீழும் தங்குகின்றன.

கீழே சேர்ந்த மறை ஏற்றத்துக்கு எதிராக நிலத்தில் நேர் ஏற்றம் திரளும். காற்று தாங்கும் அளவைக் கடந்ததும் முகிலிலிருந்து மங்கலான ஒரு பாதை படிபடியாக இறங்குகிறது; ஒவ்வொரு படியும் சுமார் 50 மீற்றர். அது நிலத்தை நெருங்கும்போது மரம், கம்பம், ஆளின் தலை என்று உயர்ந்து நிற்கும் எல்லாவற்றிலிருந்தும் சிறு பொறிகள் மேலே எழும். எந்தப் பொறி முதலில் போய் அதைத் தொடுகிறதோ அந்த இடத்தில் பாதை பூட்டிக்கொள்ளும். அப்போது பாயும் மின்னோட்டம் சராசரியாக 30,000 அம்பியர். நம் வீடுகள் பலவற்றுக்கு வழங்கப்படும் இணைப்பு 30 அம்பியர். அதைப்போல் ஆயிரம் மடங்கு.

எங்கள் பக்கத்தில் எந்த மாதங்களில் கவனமாக இருக்க வேண்டும்?

மார்ச்சும் ஏப்ரலும் ஒரு காலம். ஒக்டோபரும் நவம்பரும் இன்னொரு காலம். இரண்டும் பருவக்காற்றுகள் மாறும் இடைக்காலங்கள். காற்று ஓய்ந்திருக்கும், நிலம் கொதிக்கும், பிற்பகலில் கடற்காற்று ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டும். முகில் கிடுகிடுவென்று எழும்பும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களிலும் சில நாட்களில் மாலையிலோ இரவிலோ இடிமழை வருவதுண்டு. மார்கழி, தை மாதங்களின் வாடைக்காற்று மழை நாட்கணக்கில் பெய்தாலும் அதில் இடி குறைவு.

என்னை உறுத்தும் விடயம் வேறொன்று. பெரும்போகத்துக்கு விதைப்பது ஒக்டோபர், நவம்பரில். சிறுபோகத்துக்கு விதைப்பது ஏப்ரலை ஒட்டி. மின்னல் அதிகமாக விழும் அதே வாரங்களில்தான் கந்தளாய், மூதூர், தம்பலகாமம் வயல்களில் ஆட்கள் வெட்டவெளியில் நிற்கிறார்கள். வேலையைத் தள்ளிப்போட முடியாது. நாளின் நேரத்தை மாற்றலாம். இடைக்காலத்தில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். விடியலில் இறங்கி மதியத்துக்குள் கரையேறுபவருக்கு ஆபத்து வெகுவாகக் குறையும்.

மின்னலைப் பார்த்து எண்ணினால் தூரம் தெரியுமாமே?

தெரியும். ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி எடுக்கும். மின்னியதிலிருந்து இடி கேட்கும்வரை விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் கிலோமீற்றர் கிடைக்கும். 30 விநாடி என்றால் 10 கிலோமீற்றர். திருகோணமலை நகரத்திலிருந்து குடாவுக்கு அப்பால் கிண்ணியா ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

ஆனால் "இன்னும் 10 கிலோமீற்றர் இருக்கிறது" என்று ஆறுதல் கொள்வதற்கு இந்தக் கணக்கைப் பயன்படுத்த வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு மின்னல்கள் விழும் இடங்களுக்கு இடையில் அவ்வளவு தூரம் இருப்பது சாதாரணம். கிண்ணியாவுக்கு மேல் மின்னிய முகில் அடுத்த தடவை நகரத்தில் இறக்கலாம்.

மழையே தொடங்கவில்லை, எதற்காக வேலையை விட்டுவிட்டு வர வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரேயொரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மின்னலுக்கும் தலையில் விழும் மழைக்கும் தொடர்பு கிடையாது. முகிலின் உச்சியிலிருந்து புறப்படும் மின்னல் பக்கவாட்டில் ஓடி, மழை பெய்யும் இடத்திலிருந்து பல கிலோமீற்றர் தள்ளி, வெயில் அடிக்கும் இடத்தில் இறங்கும். அப்படி இறங்குவது சில வேளைகளில் நேர் ஏற்ற மின்னலாக இருக்கும். அது சாதாரண மின்னலைவிட வலியது. மழை வரட்டும், பிறகு போவோம் என்று நிற்பது உயிராபத்து.

இடி எவ்வளவு தூரம் கேட்கும் என்று பாருங்கள்: பொதுவாக 15 கிலோமீற்றர். மின்னல் பக்கவாட்டில் எட்டக்கூடிய தூரமும் அதே அளவுதான். ஆகவே இடி காதில் விழுந்தாலே நீங்கள் அதன் எல்லைக்குள் நிற்கிறீர்கள். ஒரு பாத்தி மிச்சம், ஒரு கட்டு மிச்சம் என்று பார்க்காமல் வீட்டுக்குள் போய்விடுங்கள்.

மழை விட்ட பிறகும் இதே கணக்குத்தான். கடைசி இடி கேட்டதிலிருந்து 30 நிமிடம் பொறுக்க வேண்டும். இடையில் இன்னொன்று முழங்கினால் முதலிலிருந்து எண்ண வேண்டும்.

வயலுக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம், பக்கத்தில் வீடு இல்லை. எங்கே ஓடுவது?

கதவு, கூரை எல்லாம் இரும்பாலான வான், லொறி, பஸ் எதுவும் அருகில் இருந்தால் அதற்குள் ஏறிக் கதவைச் சாத்துங்கள். வயல் வாடியும் யானைக் காவல் பரணும் மழைக்கு ஒதுங்கும் இடங்களே தவிர மின்னலுக்குப் பாதுகாப்பு அல்ல. பரண் இன்னும் மோசம். சுற்றிவர உள்ள எல்லாவற்றையும்விட உயரமானது. கூண்டு இல்லாத உழவு இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பதும் ஆபத்து.

ஒன்றுமே இல்லாவிட்டால் தனிமரத்தையும் கம்பி வேலியையும் விட்டு விலகி, தாழ்வான இடத்துக்குப் போங்கள். நாலைந்து பேர் என்றால் ஒருவருக்கொருவர் இருபது அடியாவது இடைவெளி விடுங்கள். ஒருவர் விழுந்தாலும் மற்றவர் உதவ மிஞ்சுவார். உடல் மயிர் சிலிர்த்து எழுந்தால் அடுத்த நொடியில் விழப்போகிறது என்று பொருள். உடனே இரு பாதங்களையும் ஒட்டி வைத்துக் குந்துங்கள், படுக்க வேண்டாம். குந்தியிருப்பது பாதுகாப்பு ஆகாது. வேறு வழியே இல்லாத நேரத்தில் ஆபத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

மரத்துக்குக் கீழே நின்றால் மரம்தானே அடியை வாங்கும், எங்களுக்கு என்ன?

உப்புவெளியில் எங்கள் வளவின் எல்லையில் ஒரு பனை நின்றது. ஓர் ஐப்பசி மாலையில் அதில் மின்னல் விழுந்தது. மழை விட்டு நெடுநேரத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். வட்டுக்குக் கீழிருந்து நிலம்வரை நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை உரிந்து, வெளிறிய நார் தெரிந்தது. உள்ளே இருந்த ஈரம் ஒரே கணத்தில் ஆவியாகி மரத்தைக் கிழித்திருக்கிறது. சிராய்கள் பத்து அடிக்கு அப்பாலும் சிதறிக் கிடந்தன. அடியில் அயல்வீட்டுக்காரர் கட்டியிருந்த ஆடு, கயிறு அறாமல், உடம்பில் ஒரு காயம்கூட இல்லாமல் செத்துக் கிடந்தது.

அந்த ஆட்டைக் கொன்றது நிலத்தின் வழியே வந்த மின்சாரம். குளத்தில் கல் எறிந்தால் வளையம் வளையமாக அலை பரவுவதுபோல, மரத்தடியிலிருந்து மின்னழுத்தம் நிலத்தில் பரவிக் குறைந்துகொண்டு போகும். முன்காலும் பின்காலும் வெவ்வேறு வளையத்தில் நின்றால், ஒரு காலால் ஏறிய மின்சாரம் இதயத்தைக் கடந்து மறு காலால் இறங்கும். ஒரே மரத்தடியில் பட்டி மாடுகள் கூட்டமாக விழுவது இதனால்தான். பாதங்களை ஒட்டி வைக்கச் சொன்னதும் இதற்காகவே. இது போதாதென்று மரத்தில் இறங்கும் மின்னல் பாதிவழியில் பக்கத்தில் நிற்பவர்மீது தாவவும் செய்யும். மரத்தைவிட மனித உடல் நல்ல கடத்தி.

பனை இடியைத் தாங்குமென்று ஐயா சொல்வாரே?

பாதி உண்மை. வெட்டவெளியில் உயர்ந்து நிற்பதால் பனையில் மின்னல் விழும் வாய்ப்பு அதிகம். 2016இல் மின்னலை இயற்கை அனர்த்தமாக அறிவித்த வங்காளதேசம், இந்த நம்பிக்கையில் பெருந்தொகையான பனைகளை நட்டது. ஆனால் பனை உயர்ந்து வளர ஆண்டுகள் பல ஆகும். வளர்ந்த பிறகும் தூரத்தில் நிற்கும் பனை உதவலாம். அடியில் நிற்பவரின் நிலை மேலே சொன்ன ஆட்டின் நிலைதான்.

வலையைக் கடலில் போட்டுவிட்டோம் மகன், இழுக்காமல் எப்படி வருவது?

மூதூரில் ஒரு பெரியவர் கேட்டது இது. அவருடைய கவலை எனக்கு விளங்குகிறது. வலை போனால் கடன் மட்டுமே மிஞ்சும். ஆனாலும் மிதவையை அடையாளமாக விட்டுவிட்டு வந்தால் வலையைத் தேடி மறுபடி போகலாம். கடல் தட்டையானது, கொட்டியாரக் குடாவுக்கு நடுவில் ஒரு பைபர் வள்ளத்தில் எழுந்து நிற்பவரைவிட உயரமான பொருள் சுற்றிவர எதுவும் கிடையாது.

புறப்படுவதற்கு முன்பே பார்ப்பதுதான் சரியான வழி. வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பிரதேசங்களுக்குத் தனியாக எதிர்வுகூறல் வெளியிடுகிறது. கடலுக்குப் போன பிறகு, உச்சி தட்டையாக விரிந்து கொல்லன் பட்டறைக்கல் போலத் தெரியும் முகில் எழுந்தால் கரைக்குத் திரும்புங்கள். அகப்பட்டுக்கொண்டால் தூண்டில் கம்பையும் அன்டனாவையும் தாழ்த்தி, வள்ளத்தின் நடுவில் தாழ இருங்கள். இயந்திரத்தையும் வானொலிக் கருவியையும் தொடாதீர்கள். கையைத் தண்ணீரில் விடாதீர்கள். உப்புநீரில் மின்சாரம் மேற்பரப்பிலேயே பரவும். நிலாவெளியில் குளிப்பவரும் கரைவலை இழுப்பவரும் முதல் முழக்கத்தோடு கரையை விட்டே விலக வேண்டும்.

கைத்தொலைபேசி மின்னலை இழுக்குமா?

இழுக்காது. வெளியில் கைத்தொலைபேசியோடு நின்றவர் அடிபட்டால், காரணம் அவர் வெளியில் நின்றதுதான். வீட்டுக்குள் தாராளமாகப் பேசலாம். சார்ஜரில் செருகியபடி மட்டும் பேச வேண்டாம்.

காருக்குள் இருந்தால் டயர் காப்பாற்றும்தானே? அப்படியென்றால் ஆட்டோவும் பாதுகாப்புத்தானே?

டயர் காப்பாற்றுவதில்லை. பல கிலோமீற்றர் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்த மின்னலுக்கு அரை அடி இறப்பர் தடையே அல்ல. காப்பாற்றுவது காரின் உலோக உடல். மூடிய உலோகக் கூட்டின் மேல் பாயும் மின்சாரம் வெளிப்புறமாகவே ஓடிவிடும் என்பதை ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் பரடே 1836இல் உலோகத்தால் மூடிய ஓர் அறைக்குள் தாமே நின்று காட்டினார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, உலோகப் பாகங்களைத் தொடாமல் இருந்தால் போதும். ஆட்டோவின் பக்கங்கள் திறந்தவை, கூரை துணி. அது கூடு ஆகாது. மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் அப்படியே.

வீட்டுக்குள் வந்துவிட்டால் பயமில்லைதானே?

மின் இணைப்பும் குழாய்களும் உள்ள கல்வீடு நல்ல பாதுகாப்பு. ஆனால் மின்னல் அதே கம்பியாலும் குழாயாலும் உள்ளே வரலாம். குளிப்பது, பாத்திரம் கழுவுவது, வயர்த் தொலைபேசியில் பேசுவது, இரும்பு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழை பார்ப்பது எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். கிணற்றடிக்கும் போக வேண்டாம். தகரக் கூரை மின்னலை இழுக்குமா என்றும் கேட்கிறார்கள். உலோகம் மின்னலை இழுப்பதில்லை. உயரமும் தனிமையுமே அதைத் தீர்மானிக்கின்றன. ஆனால் மரத்தூணில் நிற்கும் தகரக் கொட்டிலில், கூரையில் விழுந்த மின்னல் நிலத்துக்குப் போக ஆளையே வழியாக்கலாம். பக்கத்தில் கல்வீடு இருந்தால் அங்கே போங்கள்.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, பிறகும் ஏன் டிவி எரிந்தது?

ட்ரிப் சுவிட்ச் ஆளை மின்கசிவிலிருந்து காக்கும் கருவி. அது இயங்கச் சில பத்து மில்லிவிநாடி வேண்டும். மின்னல் அதற்குள் வேலையை முடித்துவிடும். சுவிட்சை மட்டும் அணைப்பதும் போதாது. பிளக்கைக் கழற்றுங்கள், கூடவே அன்டனா வயரையும் கழற்றுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு அன்டனாவை மறந்துவிட்டேன். டிவிக்குப் பின்னால் சுவரில் உள்ளங்கை அளவுக்குக் கரி படிந்திருந்தது. எரிந்த பிளாஸ்டிக்கின் மணம் இரண்டு நாள் போகவில்லை.

இதையெல்லாம் முதல் இடி கேட்பதற்கு முன்பே செய்யுங்கள். தலைக்கு மேலே முழங்கும்போது பிளக்கில் கைவைக்காதீர்கள், டிவி போனால் போகட்டும்.

இடிதாங்கி வைத்தால் தூரத்தில் போகும் மின்னலையும் இழுத்து வராதா?

வராது. அந்த வீட்டின்மேல் எப்படியும் விழவிருந்த மின்னலுக்கு ஒழுங்கான வழி அமைத்துக் கொடுப்பதே அதன் வேலை. முகிலில் இருப்பது மின்சாரமே என்பது, அதைக் கம்பியால் இறக்கிப் பார்த்த பரிசோதனையால் 1752இல் உறுதியானது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் முன்மொழிந்த கூர்க்கம்பி அதிலிருந்து பரவியது. அடுத்த ஆண்டே, 1753 ஓகஸ்டில், சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் கியோர்க் ரிக்மன் என்ற அறிஞர் இதே பரிசோதனையின்போது மின்னல் பட்டு இறந்தார். அவர் வைத்த கம்பி நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை.

அந்தப் பாடத்தை இன்றும் பலர் படிக்கவில்லை. கூரையில் கம்பி, சுவரில் இறங்கும் செப்புப் பட்டை, நிலத்தில் புவித்தொடுப்பு (எர்த்) ஆகிய மூன்றும் அறாமல் இருந்தால்தான் அது இடிதாங்கி. செம்பு விலைபோகும் பொருள் என்பதால் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்துப் போய்விடுகிறார்கள். மேலே கம்பி மட்டும் கம்பீரமாக நிற்கிறது. அதைவிட இடிதாங்கியே இல்லாத கட்டடம் மேல். நம் ஊரில் கரையோரக் காய்ந்த மணலும் மலையடிப் பாறையும் மின்சாரத்தை எளிதில் ஏற்காதவை. மண்ணில் ஒரு கம்பியை இறக்கிவிட்டுப் போகாமல், நிலத்தின் மின்தடையை அளந்து பார்த்து, தேவையான அளவுக்குப் பல கம்பிகளை இறக்குபவரிடம் வேலையைக் கொடுங்கள். "ஒரே கம்பி 100 மீற்றர் சுற்றுவட்டாரத்தைக் காக்கும்" என்று விற்பவரை நம்ப வேண்டாம். சாதாரண வீட்டுக் கம்பி காப்பது, தோராயமாக, அதன் உயரத்துக்குச் சமமான தூரத்தையே. வீட்டுக் கருவிகளைக் காக்க அது போதாது. மெயின் சுவிட்சருகில், கம்பி வழியே திடீரென எழும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் மின்னெழுச்சித் தடுப்பானும் வேண்டும்.

ஒருமுறை விழுந்த இடத்தில் மறுபடி விழாதுதானே?

விழும். அமெரிக்காவில் ரோய் சலிவன் என்ற வனக்காவலர்மீது மட்டும் 1942க்கும் 1977க்கும் இடையில் ஏழு தடவை விழுந்தது. மின்னல் துடிதுடித்து மின்னுவதைக் கவனித்திருப்பீர்கள்; ஒரே பாதையில் மூன்று நான்கு அடிகள் அடுத்தடுத்து இறங்குவதுதான் அது.

"அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்வதும் முற்றத்தில் இரும்பு போடுவதும் மூடநம்பிக்கையா?

என் அம்மம்மா அர்ச்சுனன் பெயரைச் சொல்லித்தான் எங்களை மடியில் அணைத்துக்கொள்வார். பயந்த பிள்ளைக்கு அந்தக் குரல் பெரிய ஆறுதல். வீட்டுக்குள் இருந்து சொல்லும்வரை அதில் ஒரு குறையும் இல்லை. முற்றத்து இரும்பு வேறு கதை. அலவாங்கை எடுத்துக்கொண்டு இடிமழையில் முற்றத்துக்கு ஓடுகிற ஆள்தான் அந்த நேரத்தில் அங்கே உயரமாக நிற்கிறார்.

மின்னல் பட்டவரைத் தொட்டால் எங்களுக்கும் அடிக்குமா? மண்ணில் புதைத்தால் மின்சாரம் இறங்கிவிடுமாமே?

அடிக்காது. மின்சாரம் உடம்பில் தங்குவதில்லை. விழுந்த கணத்திலேயே நிலத்துக்குப் போய்விட்டது. இந்தப் பயத்தால் சுற்றிநின்று பார்த்துக்கொண்டே ஓர் உயிரை விட்டுவிடுவதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. புதைப்பதாலும் ஒன்றும் இறங்காது. மூச்சுக்கொடுக்க வேண்டிய நிமிடங்கள் வீணாகும்.

மின்னல் பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். இறப்பவர்கள் பெரும்பாலும் அந்த இடத்திலேயே இதயமும் மூச்சும் நின்றவர்கள். பல நேரங்களில் இதயம் தானாகத் துடிக்கத் தொடங்கிவிடும். ஆனால் மூச்சு திரும்பத் தாமதமாகும், அந்த இடைவெளியில் இதயம் மறுபடி நிற்கும். ஆகவே 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை வரச் சொல்லுங்கள். இடி இன்னும் முழங்கினால் அவரைப் பாதுகாப்பான இடத்துக்குத் தூக்குங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். பயிற்சி உள்ளவர் 30 அழுத்தலுக்கு இரண்டு முறை வாயோடு வாய் வைத்து மூச்சும் கொடுக்க வேண்டும். அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

பலர் விழுந்து கிடந்தால் முனகுபவரை விட்டுவிட்டு அசைவற்றவரிடம் முதலில் போங்கள். முனகுபவர் அநேகமாகப் பிழைப்பார்.

அந்த மின்சாரத்தைப் பிடித்துச் சேமிக்க முடியாதா, சேர்?

வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு பிள்ளையாவது கேட்கும் கேள்வி. ஒரு மின்னலில் ஏறக்குறைய நூறு கோடி யூல் சக்தி இருக்கிறது. கணக்குப் பார்த்தால் 280 அலகு. மாதம் 90 அலகு பாவிக்கும் வீட்டுக்கு மூன்று மாதம் வரும். அதிலும் பெரும்பகுதி காற்றைச் சூடாக்குவதிலும் முதல் கேள்வியில் சொன்ன ஓசையிலும் போய்விடுகிறது. எங்கே, எப்போது விழும் என்றும் தெரியாது. வானம் தருகிற வேறொன்றை வயல் ஏற்கெனவே சேமிக்கிறது: மின்னலின் வெப்பத்தில் காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து மழையோடு, பயிருக்கு உரமான நைத்திரேற்றாக மண்ணில் இறங்குகின்றன.

இரவில் கடலுக்கு மேலே சத்தமில்லாமல் மின்னுகிறதே, அது என்ன மின்னல்?

சாதாரண மின்னலேதான். 15 கிலோமீற்றர் உயரமான முகிலின் வெளிச்சம் 100 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தும் தெரியும். அதன் ஓசை வரும் வழியிலேயே மேல்நோக்கி வளைந்து, நமக்கு எட்டாமல் போய்விடும். உப்புவெளிக் கரையிலிருந்து பார்த்தால் கிழக்கே வங்கக்கடல் விளிம்பில் முகில் உள்ளுக்குள்ளேயே வெளிச்சமிட்டு அணைவது தெரியும். எங்கள் கரையில் மீன்பிடிப்பவர்கள் அது வடக்கே நகர்கிறதா, கரையை நோக்கி வருகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் வள்ளத்தைத் தள்ளுவார்கள்.